அலகு எழுதாத கட்டம்

என் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அதற்கு மேல் துருவினால் எனக்கே தெரியாது. அவளைக் கேட்டாலும் விளக்கிச் சொல்ல அலுத்துக்கொள்வாள். "சொன்னா உனக்குத் தூக்கம் வந்துரும்க்கா" என்பாள். நான் வார்டு நர்ஸ். நின்றபடியே தூங்கத் தெரிந்தவள். அதனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்து நடமாட முடியவில்லை. அவளுக்கும் விடுமுறை. அப்போதுதான் உட்கார வைத்துக் கேட்டேன்.

"பெரிய மென்பொருள் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோ. அதுல புதுசா ஒரு வேலையைச் சேர்க்கணும்னா அதையே பிரிச்சுப் போட முடியாது. சின்னதா இன்னொண்ணு செஞ்சு அதுக்குள்ள செருகுவாங்க. அதுதான் பிளக்இன். செருகும்போது பெரியவர் கேப்பாரு, நீ யாரு, பேர் என்ன, எத்தனாவது பதிப்பு, என் வீட்டுல எந்தெந்த அறைக்குள்ள போவேன்னு. எல்லாத்துக்கும் பதில் எழுதி ஒரு தாள் கொடுக்கணும். அது மேனிஃபெஸ்ட்."

"நோயாளி கையில நாங்க கட்டுற பட்டை மாதிரியா?"

"அதேதான். பட்டை இல்லாம ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடுவீங்களா?"

"எப்படி விடுவோம்?"

"அதுவும் விடாது. ஒரு கமா விட்டுப்போனாக்கூட விடாது."

அது ஒரு பாதி. இன்னொரு பாதிக்கு ஸ்கீமா என்று பெயர். பிளக்இன் வாங்கியவர்கள் தங்கள் வசதிக்குச் சிலவற்றை மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் இருக்குமாம், கட்டம் கட்டமாக. எந்தக் கட்டத்தில் எண் வர வேண்டும், எதில் எழுத்து, எதைக் காலியாக விடக் கூடாது, விட்டால் கணினியே என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதி வைப்பது.

"கேஸ் ஷீட்டுக்குக் கோடு போடுற வேலைன்னு சொல்லு" என்றேன்.

"இத்தனை வருஷப் படிப்பை இப்படி ஒரு வரியில முடிச்சிட்டியே" என்று சிரித்தாள். மறுக்கவில்லை.

அந்த நிறுவனத்தில் அவள் முதலில் பார்த்தது தொலைபேசி எடுக்கும் வேலை. வாடிக்கையாளர் கத்துவதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது. நான்கு வருஷம் ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கையேடு எழுதப் போட்டார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த மேனிஃபெஸ்ட், ஸ்கீமா சங்கதி வேப்பங்காய். நிரலை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இதுக்கு ஒரு மேனிஃபெஸ்ட் போட்டுருங்க" என்று தள்ளிவிட்டுப் போவார்கள், சமையலில் ஒரு கல் உப்பு போடச் சொல்வதைப் போல. கொஞ்ச நாளில் அதுவே அவள் வேலையாகிவிட்டது. பதினொரு வருஷம். பிளக்இன் ஒழுங்காக ஓடினால் தாளை எழுதியது யாரென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஓடாவிட்டால் முதல் சந்தேகம் அவள்மேல்தான். ஐந்நூறு வரியில் விடுபட்ட கமாவைப் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் 'கமா' என்றே பெயர். வயதில் சின்னவர்கள் 'கமா அக்கா' என்பார்கள்.

அந்தக் கண் வீட்டிலும் சும்மா இருக்காது. மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, பள்ளிக்கூட வாசல் பலகை, எதில் அடைப்புக்குறி திறந்து மூடாமல் கிடந்தாலும் அவளுக்கு நமநமவென்று இருக்கும். நாங்கள் இரண்டு பேர்தான். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் நாலு மாதம் கரையில். தங்கை கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் மேசை. இயந்திரம் சுற்றும்போது மேசையும் சேர்ந்து ஆடும். கழுத்துவலிக்கு நான் வாங்கிக் கொடுத்த பட்டையை மாட்டிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பிப் பேசுவாள்.

இப்போது என் வார்டுக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு கட்டில். அதில் எப்போதும் எட்டு, ஒன்பது பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். முன்பெல்லாம் கட்டில் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். திருப்பியதும் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவோம். போன வருஷம் அந்த அட்டைகளை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கணினியே நினைவூட்டும் என்றார்கள். நேரம் வந்ததும் மணி அடிக்கும், கட்டில் எண் சிவப்பாகத் தெரியும், போய்த் திருப்பிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் அடங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வந்த அன்றே தெரிந்துவிட்டது. பொத்தானை அழுத்தும்வரை அந்த மணி அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்தது. கணினி இருப்பது எங்கள் மேசையில். நாங்கள் இருப்பது கட்டிலில். கனத்த உடம்புக்காரர் ஒருவரைத் திருப்பி, முதுகைத் துடைத்து, தலையணை வைத்து முடிக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் இருபது தடவை அடிக்கும். அதற்குள் அடுத்த கட்டிலுக்கும் நேரம் வந்துவிடும், இரண்டும் சேர்ந்து அடிக்கும். நோயாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நிறுவ வந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"முப்பதுன்னுதானே இருக்கு சிஸ்டர். அரை மணிக்கு ஒரு தடவை. இதைவிடக் குறைவா என்ன வைக்கிறது?"

"அரை மணியா? அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்குது."

"அப்போ வேற ஏதோ கோளாறு. எழுதிக் கொடுங்க, மேல அனுப்புறேன்."

எழுதிக் கொடுத்தோம். மேலே போனது போனதுதான்.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள், யாரையும் கேட்காமல், அந்த ஒலிபெருக்கியில் பஞ்சை அடைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். நான்தான் ஒட்டினேன். வார்டே எனக்குக் கைகூப்பாத குறை.

அதற்கப்புறம் பழைய மாதிரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, ஞாபகத்தில் வைத்துத் திருப்பினோம். ஆனால் அட்டை இல்லை; திரையில் சிவப்பு எண்ணைப் பார்ப்பதையும் பொத்தானை அழுத்துவதையும்கூட விட்டுவிட்டோம். யார் யாரைத் திருப்பினோம் என்பது எங்கள் தலைக்குள் மட்டும்தான். ஷிஃப்டில் நர்ஸ்கள் நாங்கள் இரண்டு பேரும் விடுப்பில்லாமல் இருந்த நாள்களில் சரியாகப் போயிற்று.

ஒன்பதாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். பக்கவாதம். பேச்சு வராது, வேண்டியதைக் கண்ணால் சொல்வார். டிரைவர் ஐயா என்போம். ஒரு திங்கட்கிழமை எங்களில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை. அன்றைக்கென்று காலையிலேயே இரண்டு அவசரம். ஒன்று மூச்சுத்திணறல், இன்னொன்று வலிப்பு. காலை பத்து மணிக்கு டிரைவர் ஐயாவை நான் இடப்பக்கம் திருப்பியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நாலு மணிக்கு அவர் மகள் வந்தபோதுதான் அந்தக் கட்டில் பக்கமே போனேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் அவள். போர்வையை விலக்கிப் பார்த்தவள், "சிஸ்டர், இது நேத்து இல்லையே" என்றாள். குதிகால் பக்கவாட்டில் ஒரு கொப்புளம், சுற்றிலும் கருஞ்சிவப்பு. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவர் என்னைப் பார்த்தார். ஆறு மணி நேரமும் கூப்பிட்டிருப்பார். கண்ணால் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

அன்று வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தங்கையிடம் கொட்டினேன். அந்த மணியைச் செய்தவனுக்குக் கை விளங்காமல் போக என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் தோசை... இல்லை, ஏதோ ஒன்றைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்தப் பக்கத்துல முப்பதுன்னு இருந்துச்சுன்னு சொன்னியே, பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

"என்னத்தைக் கண்டேன்? நாளைக்குப் போட்டோ எடுத்துட்டு வரேன்."

மறுநாள் போட்டோவைக் காட்டினேன். கழுத்துப்பட்டையோடு குனிய முடியாமல் கைப்பேசியை மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். 'நீங்கள் பார்த்தாயிற்று என்று சொல்லும்வரை இந்த மணி திரும்பவும் ஒலிக்கும்.' கீழே, 'திரும்ப ஒலிக்கும் இடைவெளி', ஒரு கட்டம், அதில் 30. அவ்வளவுதான்.

போட்டோவைப் பெரிதாக்கி இன்னொரு தடவை படித்தாள். அப்புறம், "இது என் வாக்கியம்க்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எங்க பிளக்இனை வேற கம்பெனிக்காரன் வாங்கி, வேற பேர் வச்சு ஆஸ்பத்திரிகளுக்கு விக்கிறான். எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா 'பார்த்தாயிற்று என்று சொல்லும்வரை'ன்னு எழுதினது நான். 'ஒப்புகை அளிக்கும்வரை'ன்னு இருந்துச்சு. நர்ஸுங்களுக்குப் புரியட்டும்னு மாத்தினேன்."

மடிக்கணினியைத் திறந்து அந்தக் கோப்பைத் தேடி எடுத்துக் காட்டினாள். நாலே வரி. எண் வர வேண்டும். காலியாக விட்டால் முப்பது. குறைந்தபட்சம் எதுவும் இல்லை, அதிகபட்சம் எதுவும் இல்லை. முப்பது என்றால் முப்பது எது என்றும் இல்லை.

"நிரல்ல அது நொடிக் கணக்கு. சோதனை பண்றவன் அரை மணி காத்திருக்க முடியாதில்ல, அதுக்காக அப்படி வச்சது. அதுவே நிலைச்சுப்போச்சு. இந்தக் கட்டத்துல நொடின்னு ஒரு சொல் எழுதியிருந்தா, போட வந்தவன் அன்னைக்கே மாத்தியிருப்பான்."

"நீ கேக்கலியா, அது நொடியா நிமிஷமான்னு?"

"கேட்டேன். பதில் வரல. அந்த வாரம் நாப்பத்து மூணு கோப்பு. மறுபடி கேக்கல."

அவள் அழவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். என் வெள்ளைச் சீருடையை மூன்று தடவை மடித்துப் பிரித்தாள்.

புதன்கிழமை வார்டுப் பொறுப்பிலிருக்கும் பெரிய சிஸ்டரிடம் போய், பிளாஸ்திரி ஒட்டியது நான்தான் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நானும் பார்த்துட்டுச் சும்மாதான் இருந்தேன்" என்றார். "இருந்தாலும் படிவம் எழுதித்தான் ஆகணும்."

சம்பவப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். 'காரணம்: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்தது. ஊழியர் கவனக்குறைவு. கருவிக் கோளாறு. நோயாளியின் உடல்நிலை. பேனாவைக் கவனக்குறைவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தங்கை கையைப் பிடித்தாள்.

"கருவிக் கோளாறுன்னு போடு. என் பேரையும் எழுது."

"உன் பேருக்கு இதுல கட்டம் இல்லடி."

"அப்போ நீ எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுக்குவியா? பத்து நாள் அந்தச் சத்தத்துல நின்னு பார்த்தவ நீ. நான் ஏசி ரூம்ல உக்காந்து ஒரு சொல்லை விட்டேன்."

"மணி அடிச்சாலும் அடிக்காட்டியும் ஆளைத் திருப்புறது என் வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"எனக்கு மட்டும் எதுக்காம்?"

வாக்குவாதம் முற்றி, நீ பெரியவளா நான் பெரியவளா என்று போய், எங்கள் அப்பா எப்போதோ வாங்கிக் கொடுத்த சைக்கிள்வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம். படிவத்தில் நான் இரண்டு கட்டத்திலும் குறி போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். 'ஒன்றை மட்டும்' என்று திருப்பி அனுப்பினார்கள். பெரிய சிஸ்டர் அதன்மேல் தன் கையெழுத்தைப் போட்டு மறுபடி அனுப்பி வைத்தார். அப்புறம் வரவில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அந்த இரண்டு நாளில் அவள் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'பாக்கலாம்'. எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். நல்ல மனிதர்; யாரையும் கடிந்து பேச மாட்டார்; எதையும் செய்யவும் மாட்டார். அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"விளக்கத்துல நொடின்னு ஒரு சொல் சேர்த்துடுங்களேன். தீர்ந்துச்சு."

"இனிமே வாங்குறவங்களுக்குச் சரி சார். ஏற்கெனவே போட்டவங்க அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்க மாட்டாங்க. அங்கெல்லாம் முப்பது நொடிதான் ஓடிக்கிட்டு இருக்கும். கட்டத்தையே மாத்தணும். நிமிஷக் கணக்குல புதுக் கட்டம், அஞ்சுக்குக் கீழ போகக் கூடாது, அறுபதுக்கு மேல போகக் கூடாது."

"கட்டத்தை மாத்தினா பழைய அமைப்பு செல்லாது. நூத்து முப்பத்திரண்டு ஆஸ்பத்திரி. பெரிய மாற்றம்னு பதிப்போட முதல் எண்ணே மாறும். ஏன் மாத்துனீங்கன்னு கேப்பாங்க. ஒரு இடத்துலேருந்துகூட முறையான புகார் வரலியே?"

"வந்தா?"

"வந்தா பாக்கலாம்."

வாங்கி விற்கும் நிறுவனத்திடமிருந்து அந்த நூற்று முப்பத்திரண்டு இடங்களின் தொலைபேசி எண்களையும் எப்படியோ வாங்கிவிட்டாள். வேலை நேரத்தில் அதற்கு அனுமதி இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு வருஷம் பேசிப் பேசித் தேய்ந்த அதே குரல், அதே பொறுமை. ஒரு நாளைக்கு நாலு இடம், ஐந்து இடம். நர்ஸைப் பிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். எனக்குத் தெரியாதா, மதியத்தில் எங்களை யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டோம்.

எங்களுக்குள் பேச்சு திரும்பிய பிறகு, சாயங்காலம் வந்து சொல்லுவாள். "மணி எப்படி அடிக்குதுன்னு கேட்டா, எந்த மணிங்கிறாங்க." "ஒரு இடத்துல ஒலிபெருக்கியையே கழற்றி அலமாரியில வச்சுட்டாங்களாம்." "ஒரு சிஸ்டர் சொன்னாங்க, அது ஏதோ பழுதுன்னு நினைச்சோம், அது எதுக்குன்னே எங்களுக்குச் சொல்லலன்னு." ஒருவர் போனை வைக்கும் முன் இப்படிக் கேட்டாராம்: "நீங்க யாரும்மா, இத்தனை மாசத்துல இதைப் பத்தி இப்பத்தான் ஒரு ஆள் கேக்குறீங்க?"

ஆறு வாரம். மத்தியானம் சாப்பிடாமல் கன்னம் ஒட்டிப்போனாள். கட்டிக் கொடுத்த டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். "உனக்குப் பைத்தியமாடி" என்று கத்தினேன். "எனக்குப் புகார் வேணும்க்கா. புகார் வரலன்னு அவர் சொன்னார்" என்றாள்.

நூற்றுப் பதினெட்டு இடங்களில் ஆள் கிடைத்தார்கள். எழுபத்தொன்பது இடங்களில் மணியை ஏதோ ஒரு வழியில் வாயடைத்திருந்தார்கள். தெரிந்தே நொடிக் கணக்கில் வைத்திருந்தது மூன்றே இடம். எல்லாவற்றையும் தாள் தாளாக எழுதி, தேதி போட்டு, பேசிய நர்ஸ் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பாக்கலாம் சாரின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு பக்கம் படித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாராம்.

"இது உங்க அக்கா வார்டா?"

"அது அதுக்கு அடுத்த பக்கம் சார்."

அதையும் படித்தார். ஜன்னலைப் பார்த்தார். "எத்தனை நாள் வேணும்?" என்றார்.

எழுத ஒரு நாள் போதும் என்றுதான் நான் நினைத்தேன், நாலு வரிதானே. மூன்று வாரம் ஆயிற்று. பழைய முப்பதை என்ன செய்வது, அதைத் தூக்கிப் போட்டுப் பதினைந்து நிமிஷம் என்று வைத்தால் தெரிந்தே வைத்திருந்த அந்த மூன்று இடம் என்ன ஆகும், புதுப் பதிப்பைப் போடும் நேரத்தில் நடுவே ஒரு நோயாளியின் கணக்கு விட்டுப்போகுமா, இப்படி ஒவ்வொன்றாக முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் காய் நறுக்க, அவள் வரி வரியாக வாசித்துக் காட்டினாள்.

"திரும்ப ஒலிக்கும் இடைவெளி, நிமிஷங்களில். குறைந்தது ஐந்து, அதிகம் அறுபது. காலியாக விட்டால் பதினைந்து."

"பூஜ்யம் போட்டா?"

"ஏத்துக்காது."

"ஒரு நாளைக்கு மூணு ஷிஃப்ட். எல்லாத்துக்கும் ஒரே எண்தானா? நோயாளிங்க தூங்குற நேரத்துல சத்தம் குறைவா வேணுமே."

பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். "இது ஏன் எனக்குத் தோணல?"

"நீ வார்டுல நின்னதில்லையே. சரி, இதைச் சொல்லு. பொத்தானைக் கட்டில் பக்கத்துல வைக்க முடியாதா? திருப்பிட்டு, கையுறையைக் கழற்றிட்டு, மேசைக்கு ஓடி வந்து அழுத்துறதுக்குள்ள..."

"அது என் கோப்புல இல்லக்கா. அது நிரல்ல இருக்கு, மெஷின்ல இருக்கு. சொல்லிப் பார்க்கிறேன். நடக்கும்னு நினைக்காதே." கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டாள். "எனக்கு இந்தக் கட்டம்தான்."

புதுப் பதிப்பு வெளிவந்தது. என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பில் அவள் ஒரு பத்தி எழுதியிருந்தாள். யாரோ அதை வெட்டிவிட்டு, 'சில சிறு மேம்பாடுகள்' என்று போட்டிருந்தார்கள். அவள் அதற்குச் சண்டை போடவில்லை. போடத் தெம்பு இல்லை என்றாள்.

எங்கள் வார்டுக்கு அது வந்து சேர மேலும் ஒரு மாதம். அதே ஆள்தான் வந்து போட்டார். நானே ஸ்டூலில் ஏறிப் பிளாஸ்திரியை உரித்தேன். பசை கறுத்து ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டியிருந்தது. மணி அடித்தது. போய்த் திருப்பிவிட்டு வந்து அழுத்தினேன். அந்தப் பத்து நிமிஷமும் அது மறுபடி வாயைத் திறக்கவில்லை. புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, "இதுவும் தொல்லைதான் சிஸ்டர்" என்றாள். தொல்லைதான். அட்டைகளையும் பெரிய சிஸ்டர் போராடித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இரண்டும் இருக்கட்டும் என்று.

டிரைவர் ஐயாவின் குதிகால் ஆற ஒன்பது வாரம் பிடித்தது. ஒவ்வொரு கட்டும் நான்தான் கட்டினேன். வேறு யாரையும் விடவில்லை. தங்கை ஒரு நாள் அவரைப் பார்க்க வந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் கட்டிலருகே கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மகளிடம், அந்த மணியின் தாளை எழுதியது தான் என்றும், அதில் ஒரு சொல் விட்டுப்போயிற்று என்றும் சொன்னாள். மகள் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்க கடையிலயும் அப்படித்தாங்க. கண்ணாடி எண்ணுக்கு முன்னால கூட்டலா கழித்தலான்னு போட மறந்துட்டா, ஆளுக்கு உலகமே மாறிப்போகும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். தங்கை உட்கார்ந்தாள். டிரைவர் ஐயா அவள் கழுத்துப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைவிட இவளுக்கு மோசம் போலிருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ. வீட்டுக்குப் போகிற அன்று சக்கர நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்து இமையை இரண்டு தடவை மூடித் திறந்தார். அதற்கு எங்கள் வார்டில் 'போதும்' என்று அர்த்தம். எது போதும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, நூற்று முப்பத்திரண்டில் எழுபது இடங்களில்தான் புதுப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் யாருக்கும் நேரமில்லை. அவள் இன்னும் வாரத்துக்கு இரண்டு இடமாவது கூப்பிடுகிறாள். இப்போது அதற்கு அனுமதி உண்டு.

போன வாரம் எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி பழுது. நான் வேலை முடிந்து ஏறி வந்தால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏண்டி இங்க?"

"மூச்சு வாங்கிக்கிறேன். இன்னும் ரெண்டு மாடி இருக்கே."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

"இன்னைக்கு ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள். "எடைன்னு மட்டும் போட்டிருந்தான். கிராமா, கிலோவான்னு கேட்டு அனுப்பினேன். பதில் வரல. மறுபடி அனுப்பினேன். மூணாவது தடவை அவன் மேசைக்கே போய் நின்னேன்."

"என்ன சொன்னான்?"

"கிராமாம். உர்ருன்னு இருக்கான்."

"இருக்கட்டும்."

மேல் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி வந்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். அவர் போய் வெகுநேரம் கழித்து, அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்து எனக்குக் கை கொடுத்தாள்.

"இன்னைக்குச் சமையல் யாரு?" என்றாள்.

"நேத்து மிஞ்சினது இருக்கு. சூடு பண்ணிக்கலாம்."

"அப்பாடா" என்றாள். ஏறினோம்.